எங்கள் தெருக்களைப் பாக எண்ணால் பிரிக்காதீர்கள்

வட சென்னையின் வட்டச் செயலாளர்களுக்கும், பகுதிச் செயலாளர்களுக்கும், மாவட்டச் செயலாளர்களுக்கும், எல்லாக் கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்கும் வணக்கம்.

படிவம் 20 என்ற பட்டியலை உங்களில் அறியாதவர் இருக்க முடியாது. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்குகள் விழுந்தன என்பதை வரிசையாகச் சொல்லும் இறுதி முடிவுப் பட்டியல் அது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் அதுவரை காத்திருப்பதும் இல்லை. எண்ணும் மேசைக்கு எதிரில் உட்கார்ந்த உங்கள் முகவர் குறித்துக்கொண்டு வரும் கணக்கு அன்று இரவுக்குள் வட்ட அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. எந்தப் பாகத்தில் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியல் பகுதியில்) முன்னிலை, எந்தப் பாகத்தில் பின்னடைவு, எந்தத் தெரு நம்முடையது, எந்தத் தெரு அவர்களுடையது என்று அப்போதே கோடு கிழித்துவிடுகிறீர்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அந்தக் கோடுதான் எங்கள் தெருக்களை ஆள்கிறது. அதை அழித்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் எர்ணாவூரில் வசிக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலர் என் வகுப்பில் படித்தவர்கள். வேறு வேறு கட்சிகளில் இருக்கிறீர்கள், வழியில் கண்டால் எல்லோரும் நின்று நலம் விசாரிக்கிறீர்கள். பணியில் இருந்த காலத்தில் வாக்குச்சாவடி அலுவலராகவும் இருந்திருக்கிறேன். அட்டை மறைப்புக்குப் பின்னால் ஒருவர் போய் நின்று பொத்தானை அழுத்தும் அந்தச் சில நொடிகளை யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டு, ஜன்னலை மூடி, முகவர்களைப் பின்னால் நகரச் சொல்லிக் காத்தவள். அங்கே அவ்வளவு பத்திரமாகக் காத்த ரகசியம், எண்ணும் நாளில் தெரு அளவுக்குத் திறந்து வைக்கப்படுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கோடு என்ன செய்கிறது என்று எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். எரியாத தெருவிளக்கைப் பற்றிச் சொல்லப் போன எங்கள் தெருப் பெண்களிடம் ஒரு கட்சியின் நிர்வாகி கேட்டது இது: "உங்கள் பாகத்தில் எங்களுக்கு எத்தனை விழுந்தது என்று தெரியுமா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. ரேஷன் கடையில் அட்டை எண்ணைக் கேட்பது போல இயல்பாகக் கேட்டார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கேட்பது தவறு என்றே அவருக்குத் தோன்றவில்லை. பதில் சொல்லாமல் திரும்பி வந்த பெண்களுக்கும் அதில் வியப்பில்லை. "போன தடவை நம் தெருவில் ஓட்டு மாறிவிட்டது, டீச்சர், அதனால்தான் வரமாட்டார்கள்" என்று அவர்களே எனக்கு விளக்கம் சொன்னார்கள். குடிநீர் லாரி எந்த முனையில் நிற்கும், கழிவுநீர் அடைப்பை எடுக்கும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போகும், மழைநீர் வடிகால் எந்தத் திருப்பத்தோடு நின்றுவிடும் என்பவற்றுக்கெல்லாம் எங்கள் மக்கள் தேடும் முதல் காரணம் இதுதான். எல்லா நேரமும் அது உண்மையாக இருக்காது. ஒப்பந்ததாரர் தாமதம் இருக்கும், நிதி வராமல் இருந்திருக்கும். ஆனால் ஒரு ஊர் தன் குடிநீருக்கும் தன் ஓட்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்.

வட சென்னை யாருடைய கோட்டை என்று மேடைதோறும் பேசுகிறீர்கள். பேசக் காரணமும் இருக்கிறது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத் தோன்றியது. திராவிட முன்னேற்றக் கழகம் 1949 செப்டம்பரில் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். பெரம்பூரில் மார்க்சிஸ்ட் கட்சி வென்றிருக்கிறது. ராயபுரத்தில் அண்ணா திமுகவின் ஜெயக்குமார் 1991 முதல் 2016 வரை 1996 ஒன்றைத் தவிர எல்லாச் சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றார். ஒவ்வொரு கட்சிக்கும் இங்கே சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு உண்டு. ஆனால் வரலாறு உங்களுடையது என்பதற்காக வாக்காளரும் உங்களுடையவர் ஆகிவிட மாட்டார்.

கணக்கைப் பாருங்கள். வட சென்னை மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்), பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். 2011-இல் இந்த ஆறில் ஐந்தை அண்ணா திமுக கூட்டணி எடுத்தது. கொளத்தூரை மட்டும் திமுக மூவாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றது. 2016-இல் ஆளுக்கு மூன்று. 2021-இல் ஆறும் திமுகவுக்கு. பத்து ஆண்டுகளில் ஐந்துக்கு ஒன்று என்றிருந்தது, மூன்றுக்கு மூன்றாகி, பூஜ்ஜியத்துக்கு ஆறாகத் திரும்பியது. ஜெயக்குமாரும் அந்த 2021-இல்தான் தோற்றார். மக்களவைக் கணக்கும் இப்படித்தான். 1989-இலும் 1991-இலும் காங்கிரஸ் சின்னத்தில் தா. பாண்டியன் வென்றார். 1996 முதல் 2009 வரை திமுக. 2014-இல் அண்ணா திமுகவின் வெங்கடேஷ் பாபு. 2019-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் திமுகவின் கலாநிதி வீராசாமி, 2024-இல் மறுபடியும் அவரே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில்.

இந்தத் திருப்பங்களின்போது ஊரே குடிபெயர்ந்து புதிய மக்கள் வந்து குடியேறிவிடவில்லை. பெரும்பாலும் அதே வீடுகள், அதே பெயர்கள். 2011-இல் உங்கள் கணக்கில் "நம்முடையது" என்று இருந்த தெருதான் 2021-இல் "அவர்களுடையது" ஆனது. அப்படியானால் இடையில் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று ஒரு தெருவை எதை நம்பித் தள்ளி வைத்தீர்கள்? அடுத்த முறை உங்களுக்கே வாக்களிக்கக்கூடியவர்களைத்தான் இருட்டில் நடக்கவிட்டீர்கள்.

தெரு என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதே முதலில் பிழை. எங்கள் பக்கத்தில் ஒரே சந்தில் மீனவக் குடும்பம் இருக்கும், தெலுங்கு பேசும் தொழிலாளர் குடும்பம் இருக்கும், பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், லாரி ஓட்டுபவர், துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி, தொழிற்சாலையில் நிரந்தர வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எல்லோரும் இருப்பார்கள். ஒரு வீட்டுக்குள் போனால் அப்பா ஒரு சின்னம், அம்மா ஒரு சின்னம், கல்லூரி முடித்த மகள் இன்னொன்று. 2021-இல் திருவொற்றியூரில் நாம் தமிழர் கட்சியின் சீமான் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று, இரண்டாம் இடத்துக்கு மிக அருகில் மூன்றாவதாக வந்தார். பதிவான வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அது. அவை தனியாக ஒரு தெருவிலிருந்து வந்தவை அல்ல. உங்கள் "நம்முடையது"க்குள்ளிருந்தும் "அவர்களுடையது"க்குள்ளிருந்தும் வந்தவை. ஒரு பாகத்தில் அறுநூறு பேர் ஒரு சின்னத்துக்கும் முந்நூறு பேர் இன்னொன்றுக்கும் போட்டிருந்தால், நீங்கள் தண்டிப்பது அந்த அறுநூறை மட்டுமா? உங்களுக்கே ஓட்டுப் போட்ட முந்நூறு பேரின் வாசலிலும் சேர்த்துத்தானே சாக்கடை நிற்கிறது?

ஆர்.கே. நகரை எடுத்துக்காட்டி, அங்கே எல்லாம் பணம்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பணம் புழங்கியதை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. ஆனால் அந்தத் தொகுதியின் கதை அதோடு முடிந்துவிடுவதில்லை. 2015 இடைத்தேர்தலில் ஜெயலலிதாவுக்கு ஒன்றரை லட்சம் வித்தியாசம் கொடுத்த அதே வாக்காளர்கள், அடுத்த ஆண்டே அவருக்குக் கொடுத்த வித்தியாசம் 40 ஆயிரத்துக்கும் கீழே. அவர் மறைந்த பிறகு 2017 டிசம்பரில் ஆளுங்கட்சியையும் பிரதான எதிர்க்கட்சியையும் ஒதுக்கிவிட்டு, குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை தினகரனை 40,707 வாக்குகள் வித்தியாசத்தில் வெல்ல வைத்தார்கள். 2021-இல் திமுகவைத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு கூர்மையாக மாறி மாறி வாக்களிக்கும் மக்களை விலைக்குப் போனவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. பணத்தைக் கொண்டுவந்து நீட்டிய கைகள் உங்கள் பக்கத்துக் கைகள். வாங்கியவர் வேறு சின்னத்தில் போட முடிந்ததற்குக் காரணம், அந்த அட்டை மறைப்புக்குள்ளாவது யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையையும் தெருக் கணக்கு அரித்துக்கொண்டிருக்கிறது. "இந்தப் பாகத்துக்கு இவ்வளவு கொடுத்தோம், இவ்வளவுதான் விழுந்திருக்கிறது" என்று பட்டுவாடாவைச் சரிபார்க்கவும் இதே தாள்தானே உதவுகிறது?

2024 மக்களவைத் தேர்தலில் சென்னையின் மூன்று தொகுதிகளில் அதிகமாக வாக்களித்தது வட சென்னை. இங்கே 60 சதவீதம். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் சுமார் 54. வெயிலில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அதே மக்கள்தான் 2022 மாநகராட்சித் தேர்தலில் பின்வாங்கினார்கள். சென்னை மாநகராட்சி முழுவதிலும் பதிவு 43.59 சதவீதம் மட்டுமே. குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் வேலை, அந்தத் தேர்தலுக்குத்தானே கூட்டம் திரண்டிருக்க வேண்டும்? திரளவில்லை. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. கூப்பிடு தூரத்தில் இருந்த நகராட்சி உறுப்பினர் போய், பெரிய வார்டு வந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. அந்தக் காலத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும், அல்லது கட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் உங்களிடம்தான் வந்தார்கள். சட்டம் கொடுக்காத அதிகாரம் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். பாக எண்ணைக் கேட்கும் பழக்கம் வேரோடியதும் அந்த ஆண்டுகளில்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் பகுதியின் பெரிய துன்பங்கள் எதுவும் பாகம் பார்த்து வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை படிந்தது. வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். உங்கள் கிளைச் செயலாளர்களே இருந்தார்கள். மறுநாளிலிருந்து மீனவ கிராமங்கள் ஒன்றாகப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தன. அந்தப் பந்தலில் கொடி இல்லை. யார் எந்தப் பாகம் என்று யாரும் கேட்கவில்லை. இந்த மக்களால் அப்படி உட்கார முடிகிறது என்பதைப் பார்த்த பிறகும் தேர்தல் வந்தால் தெருவைத் தெருவோடு பிரிப்பது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

2025-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் திருத்தத்திலும் அந்தக் கோடு புகுந்துவிட்டது. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் நிச்சயம் இருப்பார்கள். ஆனால் எங்கள் பகுதியில் வாடகைக்கு வீடு மாறியவர்கள், கடல் அரிப்பில் வீட்டை இழந்து உறவினர் வீட்டில் ஒண்டியவர்கள், குடியிருப்பு மாற்றத்தில் ஊருக்குத் தெற்கே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் சேர்க்கப் படிவம் 6 வாங்கிக் கொடுக்க உங்கள் முகவர்கள் எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. தங்களுக்கு விழும் என்று நினைத்த தெருவுக்குப் போனார்கள். மற்றத் தெருவில் பெயர் இல்லாமல் போனால் நல்லதுதான் என்று சும்மா இருந்தார்கள். எல்லாக் கட்சியிலும் இதைக் கண்டேன். கணவரை இழந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு மூதாட்டி, பழைய பாகத்திலும் பெயர் இல்லாமல் புதிய பாகத்திலும் இல்லாமல் நிற்கிறார். அவர் யாருக்குப் போடுவார் என்பது அவரையே கேட்டாலும் சொல்ல மாட்டார். அவரைச் சேர்த்துவிடுவது நம் எல்லோருடைய கடமை.

வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் கூடாது என்று தேர்தல் ஆணையம் இப்போது வரம்பு வைத்திருக்கிறது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வரிசை குறையும், நல்லது. ஆனால் சாவடி சிறியதாக ஆக, உங்கள் கோடும் மெல்லியதாகிறது. இரண்டு தெருவுக்கு ஒரு கணக்கு என்பது ஒரு தெருவுக்கு ஒரு கணக்கு என்றாகிவிடும். அதனால்தான் இதை இப்போது பேச வேண்டியிருக்கிறது.

தீர்வு புதிதல்ல. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவையென்று ஆணையம் கருதும் தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண, 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 59அ என்ற விதி இடம் தந்தது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரம் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர, பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் அளித்த 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடி வாரியாக முடிவு தெரிந்தால், வாக்குக் குறைந்த இடங்களில் கட்சிகள் கூடுதலாக உழைக்கும் என்பது உச்ச நீதிமன்றத்தில் அது வைத்த வாதங்களில் ஒன்று. எர்ணாவூரில் வந்து ஒரு மாதம் தங்கிப் பார்த்தால் அந்த வாதத்தை யாரும் மறுபடி சொல்ல மாட்டார்கள். இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2019-இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு மத்திய அமைச்சர், கிடைக்கும் வாக்குக்கு ஏற்ப ஊர்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து வேலை செய்வதாக மேடையிலேயே சொன்னார்.

சாவடிக் கணக்கை மறைத்தால் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியாதே என்று உங்களில் சிலர் நேர்மையாகவே கவலைப்படலாம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு சாவடியிலும் மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்று உங்கள் முகவருக்குக் கொடுக்கப்படும் படிவம் 17சி அப்படியே இருக்கட்டும். அந்த மொத்தத்தை ஒவ்வொரு இயந்திரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பதும் தொடரட்டும். எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்பதை மட்டும் பதினான்கு சாவடிகளுக்குச் சேர்த்துச் சொன்னால் போதும். உங்கள் வெற்றியில் ஒரு வாக்கும் குறையப் போவதில்லை.

தேர்தல் வந்தால் பழைய கட்சிகளோடு புதிய கட்சிகளும் எங்கள் வாசலுக்கு வருவீர்கள். உங்களிடம் எங்கள் தெருக்கள் கேட்பவை இவைதான். வாக்குகளைக் கலந்து எண்ணும் முறையை ஆதரித்து உங்கள் கட்சித் தலைமை தேர்தல் ஆணையத்துக்கு எழுத வேண்டும் என்று உங்கள் மாவட்டக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அது நடக்கும்வரை, குறை சொல்ல வருபவரிடம் பாக எண்ணைக் கேட்கக் கூடாது என்று வட்ட அலுவலகங்களுக்குச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களைச் சேர்க்க, கட்சி பார்க்காமல் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கூட்டு முகாம் போடுங்கள். மேசை நாற்காலிகளை நாங்கள் தருகிறோம், எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை நான் கூட்டி வருகிறேன்.

உங்கள் வேட்பாளர் திறந்த வண்டியில் எங்கள் தெரு முனைக்கு வரும்போது, வாக்குறுதிகளுக்கு முன்னால் இந்த மூன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒலிபெருக்கியிலேயே பதில் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கட்சி என்ன சொன்னது என்பதைத் தேதியோடு எழுதி, தெரு முனைப் பலகையில் ஒட்டி வைப்போம்.

இப்படிக்கு,
எர்ணாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்